நாய்க்குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கத் தக்க வயது

மைசூர் நகரிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் தெரு நாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தின் பிற்பகுதியில் இணை சேர்கின்றன. சூற்காலம் சுமார் 63 நாட்கள். ஆகவே ஐப்பசி முதல் தை வரையுள்ள மாதங்களில் திண்ணைகளின் அடியிலும் விறகுக் குவியல்களின் இடுக்கிலும் குட்டிகள் மிகுதியாகக் காணப்படும். கடல் மட்டத்திற்குச் சுமார் 770 மீட்டர் உயரத்தில் உள்ள இந்நகரில் அம்மாதங்களின் இரவுகள் குளிர்ந்தவை. அப்பருவத்திலேயே பள்ளிச் சிறுவர்கள் கண் திறந்த குட்டிகளை வீட்டிற்குத் தூக்கிச் செல்லுகின்றனர். சாதி நாய்களை விற்போரும் ஒரு மாதக் குட்டியைக் கூடையில் வைத்து விலை பேசுவதுண்டு. “பால் நக்கத் தொடங்கிவிட்டது, இனி எங்கும் பிழைத்துக்கொள்ளும்” என்பது பொதுவான நம்பிக்கை. இந்நம்பிக்கை தவறானது. குட்டி எட்டு வாரம் நிரம்பும் வரை தாயுடனும் உடன்பிறந்த குட்டிகளுடனும் இருத்தல் வேண்டும். அதற்குரிய காரணங்கள் உணவில் மட்டும் அடங்கியவை அல்ல.

வளர்ச்சிப் படிகள்

நாய்க்குட்டி பிறக்கும்போது அதற்குக் கண் தெரியாது, காதும் கேளாது. தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றலும் அதற்கு இல்லை. தாயின் வயிற்றோடு ஒட்டியும், ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தும் குட்டிகள் வெப்பத்தைப் பெறுகின்றன. முதல் இரு வாரங்களில் தாய் நக்கிக்கொடுத்தாலன்றிச் சிறுநீரும் மலமும் எளிதில் வெளியேறா. பத்தாம் நாள் முதல் பதினான்காம் நாளுக்குள் கண் திறக்கும். மூன்றாம் வாரத்தில் செவிப்புலன் தெளிவுறும். குட்டி தள்ளாடி நடக்கும். மூன்றாம் வாரத்திற்கும் ஐந்தாம் வாரத்திற்கும் இடையில் முன்பற்களும் கோரைப் பற்களும் முளைக்கின்றன. பல் முளைத்த குட்டி பால் குடிக்கையில் தாய்க்கு வலியுண்டாவதால், அது எழுந்து விலகத் தொடங்குகிறது. பால் மறக்கச் செய்தல் என்பது இவ்வாறு சில வாரங்கள் படிப்படியாக நிகழ்வதாகும். அது ஒரே நாளில் நிகழ்வதன்று.

பாலும் நோய்த்தடுப்பும்

நாயின் பாலில் புரதம் 7 முதல் 8 விழுக்காடும், கொழுப்பு ஏறக்குறைய 9 விழுக்காடும் உள்ளன. பசும்பாலிலோ புரதம் 3 விழுக்காட்டிற்குச் சற்றே மிகுதி. கொழுப்பு சுமார் 4 விழுக்காடு. ஆனால் பாற்சர்க்கரை நாயின் பாலில் இருப்பதைவிடப் பசும்பாலில் அதிகம். ஆதலின் வெறும் பசும்பாலையே உண்ணும் இளங்குட்டி மெலிவதும், கழிச்சலுக்கு உள்ளாவதும் உண்டு. பாலில் நீர் கலந்து கொடுத்தால் தீங்கு மேலும் பெருகும்.

பிறந்த முதல் நாளில் அருந்தும் சீம்பாலின் வாயிலாகத் தாயின் நோயெதிர்ப்புப் பொருள்கள் குட்டியை அடைகின்றன. ஆறாம் வாரத்திலிருந்து இவை படிப்படியாகக் குறைந்து, சில குட்டிகளில் பதினாறாம் வாரம் வரையிலும் எஞ்சியிருக்கும். இவை மிகுந்திருக்கும் வரை தடுப்பூசி நன்கு பயனளிப்பதில்லை. அதனால்தான் பார்வோ கழிச்சல், டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான ஊசியை ஆறு அல்லது எட்டாம் வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பதினாறாம் வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகின்றனர். ஒரு மாதக் குட்டியைப் புதிய இடத்திற்குக் கொண்டுசென்றால், பிரிவின் துயரும், உணவு மாற்றமும், புதிய நோய்க்கிருமிகளும் ஒருங்கே அதனைத் தாக்குகின்றன. தெருக்குட்டிகளின் நிலை இயல்பாகவே இரங்கத்தக்கது. மேற்கு வங்காளத்தில் 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குட்டிகளே ஏழாம் மாதம் வரை உயிர் பிழைத்தன. குட்டிகளின் இழப்பில் பெரும்பகுதி மனிதர் செயலோடு தொடர்புடையது என்பதும் அதில் வெளிப்பட்டது.

விளையாட்டு என்னும் கல்வி

நான்காம் வாரம் முதல் குட்டிகள் ஒன்றையொன்று கடித்தும் புரட்டியும் விளையாடுகின்றன. இது வீண் ஆட்டமன்று. ஒரு குட்டி அழுந்தக் கடித்தால் மற்றது வீறிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். தாயை அழுந்தக் கடித்தால் அது உறுமி விலகும். இவ்வாறு பன்முறை நிகழ்வதால், தாடையின் வலிமையை எவ்வளவு அடக்க வேண்டும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்ளுகிறது. இக்கல்வியை மனிதர் புகட்டுவது எளிதன்று. நான்கு வாரத்தில் பிரிக்கப்பட்ட குட்டி இதனைக் கல்லாமலே வளர்ந்து, பின்னாளில் வீட்டுக் குழந்தையின் கையையே விளையாட்டுப் பொருளாகக் கொள்ளக்கூடும்.

இத்தாலியில் 2011ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்குச் சான்று பகர்கிறது. முப்பது முதல் நாற்பது நாட்களில் பிரிக்கப்பட்ட நாய்களும், இரண்டு மாதத்தில் பிரிக்கப்பட்ட நாய்களும் அதில் ஒப்பிடப்பட்டன. முன்னதாகப் பிரிக்கப்பட்டவற்றில் மிகையான குரைப்பு, அச்சம், பொருள்களைக் கடித்து நாசமாக்குதல், உணவைக் காத்துச் சீறுதல் முதலிய குறைகள் மிகுதியாக இருந்தன.

பந்திப்பூர்ச் செந்நாயின் சான்று

மைசூருக்குத் தெற்கே உள்ள பந்திப்பூர்க் காட்டில், நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த செந்நாய் இயற்கையாக வாழ்கிறது. தமிழ்நாட்டைச் சேர்ந்த விலங்கியலறிஞர் ஏ. ஜே. டி. ஜான்சிங் 1976 முதல் 1978 வரை அங்குத் தங்கி அதன் வாழ்க்கையை ஆராய்ந்தார். செந்நாயும் குளிர்காலத்தில்தான் குட்டி ஈனுகிறது. குட்டிகள் குறைந்தது 58 நாட்கள் பால் அருந்துகின்றன. எழுபது முதல் எண்பது நாட்கள் வரை வளையை ஒட்டியே வாழ்கின்றன. கூட்டத்தின் மற்ற நாய்கள் தாம் உண்ட இறைச்சியைக் கக்கிக் குட்டிகளுக்கும் தாய்க்கும் ஊட்டுகின்றன. செந்நாய் வேறு, வீட்டு நாய் வேறு. எனினும் மனிதர் தலையிடாத இடத்தில் இக்குடும்பத்தின் குட்டி இரண்டு மாதமேனும் தாயின் பாதுகாப்பில் வளர்வது கருதத்தக்கது.

மிகத் தாமதமும் தீது

அவ்வாறாயின் குட்டியை ஆறு மாதம் வரை தாயிடமே விட்டுவிடலாமோ என்னும் ஐயம் எழலாம். அமெரிக்காவில் பார் ஹார்பர் ஆராய்ச்சிக் கூடத்தில் நடைபெற்று 1961ஆம் ஆண்டில் வெளியான சோதனை இதற்கு விடை தருகிறது. உயர்ந்த வேலியிட்ட வெளியில், மனிதரோடு பழக்கமின்றிக் குட்டிகள் வளர்க்கப்பட்டன. வெவ்வேறு வயதில் ஒவ்வொரு வாரம் மட்டும் மனிதரோடு பழகவிடப்பட்டவை எளிதில் இணங்கின. பதினான்கு வாரம் வரை மனிதரையே அறியாதிருந்தவை காட்டு விலங்கு போல அஞ்சி ஓடின. மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே குட்டியின் மனம் பிறரை ஏற்கும் பருவமாகும். அதன் முற்பகுதியில் நாயினத்தோடும், பிற்பகுதியில் மனிதரோடும் வாழக் குட்டி பழகுதல் நலம். எட்டாம் வாரம் இவ்விரண்டிற்கும் இடையில் அமைந்த தக்க எல்லையாகும்.

மத்திய அரசாங்கம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளும், எட்டு வாரத்திற்குக் குறைந்த குட்டியை வளர்ப்போர் விற்கலாகாது என்று கூறுகின்றன.

வயதை அறியும் வழி

விற்போர் வயதைக் கூட்டிச் சொல்வதுண்டு. அதனைப் பல்லைக் கொண்டு ஓரளவு சரிபார்க்கலாம். முன்பற்களும் கோரைப் பற்களும் மட்டும் தோன்றி, கன்னப் பற்கள் முழுமையாக வெளிவராதிருந்தால் குட்டி எட்டு வாரத்திற்கு இளையதாகவே இருக்கும். இருபத்தெட்டுப் பாற்பற்களும் எட்டாம் வாரத்தை ஒட்டி நிறைவுறுகின்றன. நன்கு உண்ணாத குட்டி உருவில் சிறுத்திருக்குமாதலால், உடலின் அளவைக் கொண்டு வயதைத் துணிதல் கூடாது.

ஊழியரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

1. தெருவில் ஈன்ற நாய்க்குக் குடிநீரும் உணவும் மழை படாத இடமும் அளித்தால், குட்டிகளைத் தாயே காத்துக்கொள்ளும். தாய் இரை தேடச் சென்றிருக்கும் நேரத்தில் குட்டிகள் அநாதை எனக் கருதி எடுத்துவிடலாகாது. சில மணி நேரம் தொலைவிலிருந்து கவனிக்க வேண்டும்.

2. தாய் உண்மையிலேயே இறந்திருந்தால் குட்டிகளைப் பிரிக்காது ஒன்றாக வளர்க்க வேண்டும். முதலில் வெப்பம், பின்னரே உணவு. குளிர்ந்த உடலுடைய குட்டிக்குப் பால் ஊட்டினால் அது செரியாது. குட்டியை மல்லாத்தாமல், வயிறு கீழே இருக்குமாறு பிடித்து, கால்நடை மருத்துவர் கூறும் மாற்றுப்பாலை ஊட்டுதல் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் துடைத்துக் கழிவை வெளியேற்ற வேண்டும்.

3. உருண்டைப் புழுக்கள் தாயின் கருப்பையிலும் பாலிலும் இருந்தே குட்டியை அடைகின்றன. இவை குழந்தைகளுக்கும் பரவும். ஆதலின் இரண்டாம் வாரம் முதல் இரு வாரங்களுக்கு ஒருமுறை குடற்புழு மருந்து தருதலும், குட்டியைத் தொட்ட கைகளைக் கழுவுதலும் அவசியம்.

4. வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில் போடப்படுகிறது. அதற்கு முன் குட்டி கடித்தால், ‘சிறு குட்டிதானே’ என்று விட்டுவிடலாகாது. குட்டிக்கும் வெறிநோய் வரும். கடிபட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தை நாட வேண்டும். பெற்றோர் கோபத்திற்கு அஞ்சிக் கடியை மறைக்கும் சிறுவர் பலர். மறைத்தல் உயிருக்கே தீங்காகும் என்பதை ஆசிரியர் வகுப்பில் எடுத்துரைத்தல் இன்றியமையாதது.

குட்டியை விரும்பும் சிறுவனிடம் அதனை எடுக்காதே என்று மட்டும் கூறினால் பயனில்லை. குட்டி பிறந்த நாளை நாட்காட்டியில் குறித்து, ஐம்பத்தாறு நாட்களை எண்ணிக் காத்திருக்கச் செய்யலாம். கண் திறந்த நாள், நடந்த நாள், பல் தோன்றிய நாள் ஆகியவற்றைத் தொலைவிலிருந்தே கண்டு அவன் எழுதிவருவானாயின், அது உயிரியல் பாடமாகவும் அமையும். அவ்வாறு காத்திருந்து பெறும் குட்டி நோய்க்கு எளிதில் இரையாகாது; கடிக்காது பழகும்; வீட்டிற்கு நெடுங்காலத் துணையாகவும் விளங்கும்.