எஞ்சினை மாற்றும் முன் புரொப்பல்லரைப் பாருங்கள்

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து புதுச்சேரியில் 30 அடி கேட்டமரான் பாய்ப்படகு வைத்திருக்கிறோம். 9.9 ஹெச்.பி. அவுட்போர்டு இரண்டு. 20 ஹெச்.பி.யாக மாற்றினால் வேகம் இரட்டிப்பாகுமா?
– வாசகர், பீளமேடு, கோவை

பதில்: ஆகாதுங்க. வேகம் கூடக் கூடத் தண்ணீரின் எதிர்ப்பு பலமடங்கு ஏறும். திறனை இரட்டித்தாலும் வேகம் கால் பங்கு கூடினாலே அதிகம். மணிக்கு 6 கடல்மைல் போகிற படகு ஏழரையைத் தொடலாம், அவ்வளவுதான். பம்புசெட் ஊர்க்காரர் உங்களுக்குத் தெரியாததா? இம்பெல்லர் அதேதான் என்றால், 5 ஹெச்.பி. மோட்டாரைக் கழற்றி 10 மாட்டினாலும் கிணற்றுத் தண்ணீர் இரட்டிப்பாவதில்லை. படகில் அந்த வேலையைச் செய்வது புரொப்பல்லர்.

முழு திராட்டிலில் எஞ்சின், கையேட்டில் சொன்ன சுழற்சியை எட்டுகிறதா? பெரும்பாலான ஃபோர்-ஸ்ட்ரோக்குகளுக்கு அது நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000. எட்டவில்லையென்றால் பிட்ச் (ஒரு சுற்றில் புரொப்பல்லர் முன்னேற வேண்டிய தூரம்) ஓர் அங்குலம் குறைந்த புரொப்பல்லரைப் போடுங்கள். சுமார் 200 சுற்று கூடும்.

அலையில் புரொப்பல்லர் காற்றை வாரி வெறுமனே உறுமினால், 25 அங்குல ஷாஃப்ட்டுடன் வரும் ஹை-திரஸ்ட் 9.9 வாங்கலாம். அது பெரிய புரொப்பல்லரை மெதுவாகச் சுழற்றும். எதிர்காற்றில் துறைமுகத்துக்குள் நுழையும்போது அந்த உந்துவிசைதான் உங்களைக் காப்பாற்றும். 20 போட்டால் பின்பாரமும் பெட்ரோல் செலவும்தான் ஏறும். வேண்டாம்.