டெம்ப்ளேட்டிலிருந்து தளம் வரை: டேட்டாவும் நேரமும் மிச்சமாக சில குறிப்புகள்

கவரைப்பேட்டையில் ஆர்.எம்.கே., ஆர்.எம்.டி. என்று பொறியியல் கல்லூரிகள் இருப்பதால், பிராஜெக்ட் சீசன் வந்தால் பல வீடுகளில் ராத்திரி விளக்கு அணைவதே இல்லை. முதல் இணையதளத்தை ஏற்றப்போகிற பிள்ளைகளுக்கும், சிப்காட் பக்கம் வேலை முடித்து வந்து கற்றுக்கொள்கிறவர்களுக்கும் கை கொடுக்கும் சில வழிகள் இதோ.

1. டெம்ப்ளேட்டை இறக்கியதும் ஒரு வரிகூட மாற்றாமல் அப்படியே தளமாக ஏத்திடுங்க. வெறும் பக்கம் ஒழுங்காக ஓடிவிட்டால், அப்புறம் வரும் கோளாறை நாம் புதிதாகச் சேர்த்ததில் தேடினால் போதும். ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி முதல்முறையாக ஏத்துகிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

2. சீனியர் கொடுத்த நோட்ஸில் ‘கிரியேட் ரியாக்ட் ஆப்’ என்று இருந்தால் அதை விட்டுடுங்க. 2016-ல் வந்த அந்தக் கருவிக்கு 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே ஓய்வு கொடுத்துவிட்டது. இவான் யூ உருவாக்கிய ‘வீட்’ போதும், சட்டென்று எழுந்து ஓடும்.

3. கிட்ஹப்பில் கண்ணுக்கு அழகாகத் தெரிகிற டெம்ப்ளேட்டை எடுக்கும் முன் கடைசி கமிட் எப்போது என்று பாருங்க. இரண்டு வருஷமாக யாரும் தொடாததை எடுத்தால், அதன் பழைய பேக்கேஜ்களைச் சரிபண்ணுவதிலேயே வாரம் ஓடிவிடும்.

4. நோட் ஜேஎஸ் பதிப்பை முதலிலேயே சரிபார்த்துக்கோங்க. வீட் 7-க்கு நோட் 20 என்றால் 20.19 முதல், இல்லாவிட்டால் 22.12 முதல் வேண்டும். அந்த எண்ணையே ஹோஸ்டிங் செட்டிங்கிலும் போட்டுவிட்டால், ‘என் லேப்டாப்பில் ஓடுதே’ என்ற புலம்பலில் பாதி குறையும்.

5. பேக்கேஜ் இறக்குகிற வேலையைக் கல்லூரி வைஃபையிலேயே முடிச்சுடுங்க. அதற்கப்புறம் டெவ் சர்வர் ஓட இன்டர்நெட்டே தேவையில்லை. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். மறுபடி இன்ஸ்டால் பண்ணும்போது ‘பிரிஃபர் ஆஃப்லைன்’ என்ற ஆப்ஷனைச் சேர்த்தால், ஏற்கெனவே இறக்கி வைத்ததையே எடுத்துக்கொள்ளும்.

6. ஒரே லேப்டாப்பில் நாலைந்து பிராஜெக்ட் வைத்திருக்கிறவர்கள் ‘பிஎன்பிஎம்’முக்கு மாறுங்க. ஒரு பேக்கேஜின் ஒரு பதிப்பை வட்டில் ஒரே இடத்தில் வைத்து எல்லா பிராஜெக்ட்டுக்கும் பகிர்ந்து தரும். இடமும் மிச்சம், டேட்டாவும் மிச்சம்.

7. நண்பருக்குப் பென்டிரைவில் கொடுக்கும்போது ‘நோட் மாட்யூல்ஸ்’ ஃபோல்டரை அழிச்சுட்டுக் கொடுங்க. ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள் காப்பி ஆவதற்குள் டீ ஆறிவிடும். பேக்கேஜ் பட்டியலும் லாக் கோப்பும் இருந்தால் அவரே இறக்கிக்கொள்வார்.

8. அந்த லாக் கோப்பைக் கமிட் பண்ண மறக்காதீங்க. ஏத்துகிற இடத்தில் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ போடாமல் ‘என்பிஎம் சிஐ’ போட்டால், நம்மிடம் ஓடிய அதே பதிப்புகள்தான் அங்கேயும் வரும்.

9. விண்டோஸில் ஓடியது சர்வரில் ‘கோப்பு இல்லை’ என்று நின்றால், முதலில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பாருங்க. விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது. பில்டு நடக்கும் லினக்ஸ் விடவே விடாது. பெயரை ‘கிட் எம்வி’ போட்டு மாற்றினால்தான் அந்த மாற்றம் கிட்டில் பதியும்.

10. கிட்ஹப் பேஜஸில் ஏத்தினால் வெறும் வெள்ளைப் பக்கம் வருகிறதா? எஃப்12 தட்டி கன்சோலைத் திறங்க, சிவப்பில் 404 வரிசையாக நிற்கும். நம் தளம் ரெப்போ பெயருக்குக் கீழே இருக்கிறது. பக்கமோ கோப்புகளை அதற்கு மேலே, முகவரியின் தொடக்கத்திலேயே தேடுகிறது. வீட் கான்ஃபிக் கோப்பில் ‘பேஸ்’ என்ற இடத்தில், இரண்டு பக்கமும் சாய்கோடு போட்டு ரெப்போ பெயரை எழுதினால் தீர்ந்தது.

11. உள்பக்கத்தில் ரிஃப்ரெஷ் பண்ணினால் 404 வந்தால், பில்டு ஆன இன்டெக்ஸ் கோப்பையே 404 என்ற பெயரில் இன்னொரு காப்பி வைங்க. இது கிட்ஹப் பேஜஸுக்கான வழி. நெட்லிஃபை ஹோஸ்டிங்கில் என்றால் ரீடைரக்ட்ஸ் கோப்பில் ஒரே வரி போதும்.

12. ‘வீட்’ என்று தொடங்கும் என்விரான்மென்ட் மாறிகள் பில்டுக்குள்ளேயே போய்விடும், பிரவுசரில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ரகசிய சாவியை அங்கே வைப்பது வீட்டுச் சாவியை வாசல் ஆணியில் மாட்டுவது மாதிரிதான். தெரியாமல் கமிட் ஆகிவிட்டால் அழித்துப் பிரயோஜனமில்லை, பழைய கமிட்டில் அது இருக்கும். அந்தச் சாவியையே ரத்து செய்து புதுசு வாங்குங்க.

13. ஏத்தும் முன் ‘பில்டு’, அடுத்து ‘பிரிவ்யூ’ ஓட்டிப் பார்த்துடுங்க. சர்வரில் கண்டுபிடித்தால் அரை மணி நேரம் இழுக்கும் பிழை, இங்கே அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

14. போனில் எப்படித் தெரியும் என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் ஏத்த வேண்டாம். டெவ் சர்வரை ‘ஹோஸ்ட்’ ஆப்ஷனோடு ஓட்டினால் ஒரு முகவரி காட்டும். அதே வைஃபையில் இருக்கும் போனில் அதைத் தட்டினால் போதும்.

15. தமிழ்ப் பக்கத்துக்குக் கனமான ஃபான்ட் இறக்கவைக்காதீங்க. விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ என்று தமிழ் எழுத்து கூடவே வருகிறது. பார்க்கிறவர் டேட்டாவும் காசுதானே!

16. பிரவுசர் தாவலில் ‘வீட் பிளஸ் ரியாக்ட்’ என்ற தலைப்பும் டெம்ப்ளேட்டின் ஐகானும் அப்படியே இருக்கிறதா பாருங்க. மாற்ற ஒரு நிமிஷம்தான்.

17. பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்கோ கடைக்கோ தளம் செய்து கொடுக்கிறீங்களா? கிட்ஹப் பேஜஸில் ஆன்லைன் வியாபாரம் நடத்தக்கூடாது, வெர்செல் ஹோஸ்டிங்கின் இலவசத் திட்டமும் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். காசு வாங்கும் முன் இதை அவர்களிடம் சொல்லி, கட்டணத் திட்டத்துக்கான செலவையும் சேர்த்தே பேசுங்க.

18. ரிவ்யூ நடக்கும்போது தளம் படுத்துவிட்டால் பதறாதீங்க. நெட்லிஃபையிலும் வெர்செலிலும் முன்பு ஏத்தின பதிப்புகள் பட்டியலாக இருக்கும். நேற்று ஓடியதைத் தேர்ந்தெடுத்தால் பழைய பக்கம் திரும்பி வந்துவிடும். கோளாறை வீட்டுக்குப் போய் ஆற அமரப் பார்த்துக்கோங்க.