இரண்டு கணினி, ஒரே தாளம்

கொடும்பாளூர் மூவர் கோயில் பக்கம் ஒரு திருவிழா மேடை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணினியில் தாளம். நண்பரிடம் பள்ளியில் அரசு கொடுத்த மடிக்கணினி, அதில் கீபோர்டு இசை. "ஒன்னு, ரெண்டு, மூனு" சொல்லி இருவரும் சேர்ந்து பிளே பட்டனை அழுத்துகிறீர்கள். முதல் அடியே ரெட்டையாக விழுகிறது. போகப் போக இன்னும் மோசம். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தவில்காரர் முகத்தைப் பார்க்கவே முடியாது!

இரண்டிலும் வேகம் 120 என்றுதானே போட்டோம்? போட்டோம். ஆனால் கை அழுத்துவதிலேயே கொஞ்சம் முன்னே பின்னே ஆகிவிடும். அதோடு ஒவ்வொரு கணினிக்கும் உள்ளே தனிக் கடிகாரம் உண்டு. இரண்டும் அச்சு அசலாக ஓடாது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால்கூட நிமிடத்துக்கு 3 மில்லிவிநாடி விலகும். பத்து நிமிடத்தில் 30. அது காதுக்குத் தெரியும்.

பழைய வழி மிடி. 1983-இல் வந்தது. மிடி கேபிளில் ஒலி போகாது, குறிப்பு மட்டும்தான் போகும். நம்ம குடுமியான்மலைப் பாறையில் இருக்கும் இசைக் கல்வெட்டு மாதிரி: ஸ்வரம் இருக்கும், சத்தம் வாசிப்பவர் கையில். ஒரு கணினி முன்னே நடக்கும். ஒரு அடிக்கு 24 துடிப்பு அனுப்பும். வேகம் 120 என்றால் விநாடிக்கு 48. மற்றது அதை எண்ணிக்கொண்டே பின்னால் வரும். இதற்கு இரண்டு பக்கமும் யுஎஸ்பி மிடி இன்டர்ஃபேஸ் வேண்டும். முன்னதன் 'அவுட்', பின்னதன் 'இன்'. சாதாரண யுஎஸ்பி கேபிளால் இரண்டு கணினியையும் நேராகச் சேர்த்தால் வேலைக்கு ஆகாது. முன்னே போகும் மென்பொருளில் கடிகாரம் அனுப்பும் வசதியை ஆன் செய்யுங்கள் (எஃப்எல் ஸ்டூடியோவில் மிடி அமைப்புகளில் 'சென்ட் மாஸ்டர் சிங்க்'). மற்றதில் வெளிக் கடிகாரத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் தலைவராக்கிவிடாதீர்கள், அங்கேதான் பலரும் சறுக்குவது. ஆடாசிட்டி மிடி கடிகாரத்தைப் பின்தொடராது. அதைப் பதிவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் 'லிங்க்' இன்னும் சுலபம். ஏபிள்டன் நிறுவனம் 2016-இல் கொண்டுவந்தது. ஏபிள்டன் லைவ், பிட்விக் ஸ்டூடியோ போன்றவற்றில் இருக்கிறது. இதில் தலைவர், தொண்டர் கிடையாது. இரண்டு கணினியும் ஒரே வைஃபையில் இருந்து, இரண்டிலும் லிங்க் ஆனில் இருந்தால் போதும். யார் வேகத்தை மாற்றினாலும் மற்றவருக்கும் மாறும். இணையம் தேவையில்லை, அதனால் டேட்டா தீர்ந்துபோச்சே என்ற கவலை வேண்டாம். ஒன்றையொன்று கண்டுபிடிக்கவில்லையா? பெரும்பாலும் விண்டோஸ் ஃபயர்வால்தான் காரணம். மென்பொருளுக்கு அனுமதி கொடுங்கள். மேடையில் கூட்டம் கூடினால் வைஃபை தடுமாறலாம், லேன் கேபிள் இருந்தால் அதையே போடுங்கள்.

கடிகாரம் சேர்ந்த பிறகும் சத்தம் பிந்தலாம். பஃபர் 512 என்றால், விநாடிக்கு 44,100 மாதிரி என்ற கணக்கில் சுமார் 12 மில்லிவிநாடி தாமதம். இரண்டிலும் ஒரே பஃபர் வையுங்கள். ஒன்றை மட்டும் புளூடூத் ஸ்பீக்கரில் விடவே கூடாது. இரண்டும் ஒயரில் ஒரே மிக்சருக்குப் போகட்டும்.

மேடை ஏறும் முன் இரண்டிலும் மெட்ரோனோமை ஓடவிட்டு, கைபேசியில் பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். கடைசி நிமிடத்தைக் கேளுங்கள். 'டிக்' ஒன்றாக விழுந்தால் சரி. 'டிடிக்' என்று விழுந்தால், பிந்துகிற கணினியின் தாமத ஈட்டை ஒவ்வொரு மில்லிவிநாடியாக மாற்றி மறுபடி கேளுங்கள்.