செக்வோயா மரங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

கலிபோர்னியாவில் 1890 முதல் காக்கப்பட்டுவரும் செக்வோயா தேசியப் பூங்காவுக்கு முதல்முறை கிளம்பும் பிள்ளைகளுக்கு, பலமுறை போய் வந்தவன் சொல்வது:

1. த்ரீ ரிவர்ஸ் ஊரிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் பங்க் கிடையாது. செல்போன் சிக்னலை நம்பாமல் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். நுழைவாயில் 1,700 அடி உயரத்தில் இருக்கிறது. மரங்கள் நிற்கும் ஜயன்ட் ஃபாரஸ்ட்டோ 6,000 அடிக்கும் மேலே. இடையில் நூற்றுக்கும் அதிகமான வளைவுகள். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல் கியரைக் குறைத்து ஓட்டுங்கள். கீழே வியர்க்கிற நாளிலும் மேலே ஸ்வெட்டர் வேண்டியிருக்கும்.

2. ஜெனரல் ஷெர்மன் மரத்தை உலகிலேயே உயரமானது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். அதன் உயரம் 275 அடி; கடலோர ரெட்வுட் மரங்கள் அதையும் மிஞ்சும். ஷெர்மனின் பெருமை பருமனில்தான்: தரைமட்டத்தில் சுற்றளவு நூறு அடிக்கு மேல், அடிமரத்தின் கன அளவு சுமார் 1,487 கன மீட்டர். மேல் நிறுத்துமிடத்திலிருந்து அரை மைல் இறங்கினால் மரம் வந்துவிடும். திரும்ப ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். அப்பா அம்மாவை அழைத்துப்போனால் நிதானமாக ஏறுங்கள், பெஞ்சுகள் உண்டு. படம் எடுத்ததும் திரும்பிவிடாதீர்கள். அங்கேயே தொடங்கும் காங்கிரஸ் பாதையில் நடந்தால், கூட்டமில்லாத பெருமரங்களுக்கு நடுவே இருப்பீர்கள்.

3. அடிமரம் கருகியிருப்பதைக் கண்டு ஐயோ என்று நினைக்க வேண்டாம். நெருப்பு இந்த மரத்தின் வாழ்க்கையில் ஒரு பங்கு. பட்டை இரண்டு அடி வரை தடித்திருக்கும், பிசின் அதிகம் இல்லாததால் எளிதில் பற்றாது. கோழிமுட்டை அளவுக் காய்கள் விதைகளை ஆண்டுக்கணக்கில் மூடி வைத்திருக்கும். தீயின் சூட்டில் அவை உலர்ந்து திறக்க, சருகு எரிந்து வெறுமையான மண்ணில் விதை விழும். தீயை எல்லாம் அணைத்துக்கொண்டே வந்த காலத்தில் புதுக் கன்றுகள் முளைக்கவில்லை, கீழே புதரும் விறகும் குவிந்தன. அதனால் 1960களிலிருந்து பூங்காவினரே திட்டமிட்டுத் தீ மூட்டுகிறார்கள். அது போதவில்லை. 2020, 2021 ஆண்டுகளில் வறட்சியோடு வந்த கடுந்தீயில் சியர்ரா நெவாடாவின் பெருமரங்கள் ஆயிரக்கணக்கில் செத்தன. ஷெர்மனின் அடியை அலுமினியத் தாளால் சுற்றிக் காத்தார்கள். ஆகவே எங்காவது மெல்லிய புகை தெரிந்தால் பயணம் கெட்டது என்று முகம் சுளிக்காமல், காட்டிலாகாவினரிடம் என்ன தீ என்று கேளுங்கள்.

4. வேலியைத் தாண்டாதீர்கள். இவ்வளவு பெரிய மரத்துக்கு ஆழமான ஆணிவேர் இல்லை. வேர்கள் மேல்மண்ணிலேயே நூறு அடிக்கு மேல் பரவும். மிதிபட்டு மண் இறுகினால் வேருக்கு நீர் இறங்காது. இதற்காகவே ஜயன்ட் ஃபாரஸ்ட்டில் இருந்த 280க்கும் மேற்பட்ட கட்டடங்களை இடித்து அகற்றினார்கள். காய் பொறுக்குவதும் கூடாது.

5. கருங்கரடிகள் உண்டு. புளியோதரை மட்டுமல்ல, பற்பசையும் சோப்பும்கூட கரடி திறக்க முடியாதபடி அங்கே வைத்திருக்கும் இரும்புப் பெட்டிக்குள் போகட்டும்.

6. மோரோ பாறையில் 350க்கும் மேற்பட்ட படிகள். இடி கேட்டால் ஏறாதீர்கள். பாதி வழியில் இருந்தாலும் இறங்கிவிடுங்கள்.

7. பனிக்காலமென்றால் டயர் சங்கிலி வண்டியில் இருக்கட்டும். அதை மாட்டுவதற்கு வீட்டு வாசலிலேயே ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள்.