மாமியின் இரண்டு அறைகள்

மட்டக்களப்பு

அன்பின் மகள்,

உன் கடிதம் கிடைத்தது. மாமி வெளிநாட்டாருக்கு விடுகிற இரண்டு அறைக்கும் அனுமதிப்பத்திரம் எங்கே என்று பிரதேச சபை கேட்டிருக்கிறது. அடுத்த ஒழுங்கையில் எட்டு அறையோடு நிற்கிற மாடிவீட்டுக்கு ஒரு துண்டுக் கடிதமும் வரவில்லை, அதன் சொந்தக்காரர் கனடாவில். இது என்ன நியாயம் என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. ஆனால் கீழே எழுதிய வரிதான் எனக்குப் பொறுக்கவில்லை: "எங்கட வீட்டில் யார் படுத்தால் சபைக்கு என்ன?" சட்டம் படிக்கப் போகிற பிள்ளை எழுதுகிற வரியா இது?

சபைக்கு என்ன என்பதை உன் வளவுக்குள்ளேயே பார்க்கலாம். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவே மணல். எழுவான்கரையின் கரையோரம் முழுக்க இப்படித்தான். மாரியில் நாலு அடி தோண்டினால் தண்ணீர் நிற்கும். ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய மலக்குழியில் அறைக்கொரு குளியலறையைச் சேர்த்துவிட்டால், மிஞ்சுவது அடுத்த வீட்டுக் கிணற்றுக்குத்தான் போகும். உன்னிச்சைத் தண்ணீர் குழாயில் வருகிறது என்று சொல்லாதே. அதற்காகக் கிணற்றைக் கைவிட்டவர் எத்தனை பேர்? பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குழிக்கும் கிணற்றுக்கும் இடைத்தூரம் பார்ப்பது உன் மாமியைச் சிறுமைப்படுத்த அல்ல.

ஆனாலும் எனக்குக் குழியைவிடப் பெரிது பதிவேடு. யார் வந்தார், என்று வந்தார், கடவுச்சீட்டு இலக்கம் என்ன, அவருக்கு ஏதும் நடந்தால் யார் பதில் சொல்வது. இது விளங்க வேண்டுமானால் சட்டப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிலப்பதிகாரத்தை எடு. வைகாசியில் ஊரூராகக் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து குளுத்தி பாடுகிறோமே, அந்த அம்மனைத் தன் வீட்டில் வைத்திருந்த மாதரியை யாராவது நினைக்கிறோமா? மதுரைக்கு வெளியே, ஆயர் குடியிருப்பில், துறவி கவுந்தியடிகள் கண்ணகியை அவளிடம்தான் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். சும்மா ஒப்படைக்கவில்லை. வந்தவள் எப்படிப்பட்டவள், அவளை எப்படிக் காக்க வேண்டும் என்று விரிவாகச் சொல்லித்தான் கையளிக்கிறார். மாதரி தனி வீடு கொடுக்கிறாள், சமைக்கப் பாத்திரமும் அரிசியும் காய்கறியும் கொடுக்கிறாள், மகள் ஐயையைத் துணைக்கு விடுகிறாள். கோவலன் வெட்டுண்டதில் அவளுக்கு ஒரு பங்கும் இல்லை. இருந்தும் அடைக்கலத்தைக் காக்கத் தவறினேன் என்று தீயில் புகுந்துவிடுகிறாள். அதையும் இளங்கோ நம் கண்ணில் காட்டுவதில்லை. நீர்ப்படைக் காதையில், மாடலன் என்ற மறையவன் சேர மன்னனுக்குச் சொல்கிற செய்தியாக, போகிற போக்கில் வைத்துவிடுகிறார். வஞ்சிக் காண்டத்துக்கு அடியார்க்குநல்லார் உரை கிடைக்காமற் போனது எனக்குத் தீராத மனக்குறை. இந்த இடத்தில் அந்த மனிதர் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றைக்கும் யோசிப்பதுண்டு.

மாமியை யாரும் தீக்குளிக்கச் சொல்லவில்லை. பொறுப்பாளி என்று ஒரு பெயர் கேட்கிறார்கள், அவ்வளவுதான். மாடிவீட்டில் நடுச்சாமத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் யார் கதவைத் தட்டுவது? சாவி பூச்சட்டிக்குக் கீழே கிடக்கிறது, பொறுப்பாளி கனடாவில் இருக்கிறார்.

சரி, உன் நியாயத்துக்கு வருகிறேன். மாமி வாசலில் பலகை மாட்டினாள், போன வருடம் சபைக்குப் போய் விபரமும் கேட்டாள். பெயர் ஏறிவிட்டது. வருமானப் பரிசோதகர் கையில் இருக்கிற பட்டியலை வைத்துத்தான் வெளிக்கிடுவார். மாடிவீடு எயார்பிஎன்பி இணையத்தளத்தில் இருக்கிறது, வாசலில் ஒரு எழுத்தும் இல்லை. கேட்டவள் அகப்பட்டாள், கேளாதவர் தப்பினார். இது அநியாயம்தான், நான் மறுக்கவில்லை.

காசுக் கணக்கு இன்னும் மோசம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் அனுமதிக் கட்டணத்தைக் கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதியைப் பார்த்து 500, 750, 1,000 ரூபாய் என்று மூன்று படியாக வைத்தது. 1,000 ரூபாய்க்கு மேல் போக முடியாது. பரிசோதகர் இரண்டு முறை வந்துபோகிற பெற்றோலுக்கே அது காணாது, பிறகு நீதவான் நீதிமன்றத்துக்கு எப்படிப் போவது? ஆனால் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்த விடுதியென்றால், முந்திய வருட வரவில் நூற்றுக்கு ஒரு வீதம் வரை பிரதேச சபை அறவிடலாம். வருடம் 20 லட்சம் வரவு என்று வைத்துக்கொள்: பதிந்தவர் 20,000, பதியாதவர் 1,000. பெரிய ஹோட்டல்களை நினைத்து எழுதிய விதி, ஒழுங்காக நடக்க நினைக்கிற சின்ன விடுதிக்காரரின் கழுத்தைப் பிடிக்கிறது. இப்படி ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு சனம் பதிவதில்லை என்று குறைசொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

நியூயோர்க் நகரம் 2023 செப்டெம்பரில் வேறு வழி பிடித்தது. பதிவு இல்லாத வீட்டுக்கு முன்பதிவுக் காசை எயார்பிஎன்பி போன்ற தளங்கள் கையாளக் கூடாது என்றது. முப்பது நாளுக்குக் குறைந்த தங்கலானால் வீட்டுக்காரர் அதே வீட்டில் இருக்க வேண்டும் என்ற விதியையும் இறுக்கிப் பிடித்தது. மாதரியை அவர்கள் அறியார்கள், ஆனாலும் அவளிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்! எயார்பிஎன்பிக்குக் கட்டளை போடுவது நம் பிரதேச சபையால் ஆகாது, அது கொழும்பின் வேலை. ஆனால் தளத்திலுள்ள படங்களைப் பார்த்து ஆதனவரிப் பதிவேட்டோடு ஒப்பிட ஒரு எழுதுவினைஞரும் ஒரு கணினியும் போதும். 2023 மார்ச்சிலிருந்து 2025 மே வரை தெரிவுசெய்த சபையே இருக்கவில்லை, உபவிதிக்குத் தீர்மானம் எடுக்க ஆளில்லை என்றார்கள். இப்போது தவிசாளர் இருக்கிறார், உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அந்தச் சாட்டும் போய்விட்டது.

மாமி கட்டணத்தைக் கட்டிப் பற்றுச்சீட்டை வாங்கட்டும். ஒரு சியார் கொப்பியில் கோடு போட்டு இன்றைக்கே பெயர் எழுதத் தொடங்கட்டும். நீ 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுது. இந்த வருடம் அனுமதி பெற்ற தங்குமிடங்களின் பட்டியல், அறிவித்தல் அனுப்பிய இடங்களின் பட்டியல், தொடுத்த வழக்குகளின் எண்ணிக்கை, இவ்வளவும் கேள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மாடிவீட்டுக்காரரின் பெயரை அதில் எழுதாதே. கோள்மூட்டுகிற கடிதத்தை மூலையில் போட்டுவிடலாம், பட்டியல் கேட்கிற கடிதத்தை அப்படிப் போட முடியாது.

அனுப்புமுன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. போன கடிதத்தில் ஒற்று மிகும் இடமெல்லாம் விட்டிருந்தாய்.

அன்புடன்,
உன் சேர்