தனித்த காந்தத் துருவம்: ‘கிடையாது’ என்பதா, ‘காணப்படவில்லை’ என்பதா?

காந்தத்தை இரண்டாக உடைத்தால் என்ன ஆகும்? ஆறாம் வகுப்பு மாணவர்கள் கேட்கும் இவ்வினாவே, மேல்நிலை வகுப்பில் காந்தவியலுக்கான காஸ் விதியாக மீண்டும் வருகிறது. இரண்டு இடத்திலும் “தனித்த துருவம் கிடையாது” என்று சொல்லி முடித்துவிடுகிறோம். தேர்வுக்கு அது போதும். ஆனால் “இதுவரை எந்தச் சோதனையிலும் உறுதியாகக் காணப்படவில்லை” என்பதே அறிவியல் தரும் விடை. இந்த வேறுபாட்டை மாணவர்களுக்கு உணர்த்துவது எப்படி?

செயல்பாடு

பழைய ஹேக்சா பிளேடு ஒன்றைச் சட்டக் காந்தத்தால் ஒரே திசையில் முப்பது, நாற்பது முறை தேய்த்துக் காந்தமாக்குங்கள். துணியில் சுற்றி, குறட்டால் ஆசிரியரே உடைக்க வேண்டும். ஒவ்வொரு துண்டின் இரு முனைகளையும் காந்த ஊசியருகே கொண்டு செல்லுங்கள். ஈர்ப்பைப் பார்த்து முடிவு செய்யாமல், விலக்கலைக் கொண்டே துருவத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். எத்தனை முறை உடைத்தாலும் ஒவ்வொரு துண்டிலும் இரு துருவங்கள் இருக்கும். துருவம் என்பது முனையில் பூசிய பொருளன்று. அணுக்களில் எலக்ட்ரான்களின் இயக்கத்தாலும் தற்சுழற்சியாலும் உண்டாகும் சிறு காந்தங்களின் கூட்டு விளைவு.

வயல் வழியே காஸ் விதி

நான்கு பக்கமும் வரப்புள்ள, நீர் நிரம்பிய ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். மேல்மடையில் நுழையும் நீரும் கீழ்மடையில் வெளியேறும் நீரும் சமமானால், வயலுக்குள் வேறு நீர்மூலம் இல்லை. வெளியேறுவது கூடுதலாக இருந்தால், உள்ளே ஒரு பம்புசெட் ஓடுகிறது என்று பொருள். மின்புலத்துக்கு நேர் மின்னூட்டம் அந்தப் பம்புசெட் போன்றது. காந்தப்புலத்திலோ எந்த மூடிய பரப்பை எடுத்தாலும் நுழைவதும் வெளியேறுவதும் சமம். நிகரக் காந்தப்பாயம் சுழி.

இந்தச் சுழி, அளவீடுகளின்படி எழுதப்பட்டது. தனித்துருவம் ஒன்று கிடைத்துவிட்டால், அந்த இடத்தில் ‘காந்த மின்னூட்டம்’ வந்து அமரும். மாக்ஸ்வெல் சமன்பாடுகள் அதனால் குலையமாட்டா. மின்சாரமும் காந்தமும் இன்னும் சமச்சீராக அமையும்.

ஏன் தேடுகிறார்கள்?

1931இல் பால் டிராக் ஒரு முடிவைக் கணித்தார். அண்டத்தில் ஒரேயொரு தனித்துருவம் இருந்தாலும், மின்னூட்டம் ஏன் குறிப்பிட்ட ஓர் அலகின் முழு மடங்குகளாகவே கிடைக்கிறது என்பதற்கு விளக்கம் கிடைத்துவிடும். 1936இல் நம் நாட்டின் மேகநாத் சாகா, எலக்ட்ரானும் தனித்துருவமும் சேர்ந்த அமைப்பின் கோண உந்தத்தைக் கொண்டு அதே நிபந்தனையை எளிமையாகத் தருவித்தார். பன்னிரண்டாம் வகுப்பில் இதைக் குறிப்பிடலாம்.

கோலார் சுரங்கத்தில்

தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் உழைத்த கோலார் தங்கவயலிலும் இத்தேடல் நடந்தது. அங்கு சுமார் 2.3 கி.மீ. ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானிய அறிவியலாளர்களும் 140 டன் எடையுள்ள உணர்கருவியை அமைத்தனர். புரோட்டான் சிதைகிறதா என்று அறிவதே முதல் நோக்கம். மேலிருக்கும் பாறை காஸ்மிக் கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும். கனமான தனித்துருவம் அதையும் கடந்து வந்து கருவியில் தடம் பதிக்கலாம். 1984இல் வெளியான முடிவின்படி எதுவும் சிக்கவில்லை. ஆனாலும் அவர்கள் “கிடையாது” என்று எழுதவில்லை. தனித்துருவங்களின் வரத்து இந்த அளவுக்கு மேல் இருக்க முடியாது என்ற உச்சவரம்பையே தந்தார்கள்.

அதற்கு முன், 1982 பிப்ரவரி 14 அன்று, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் பிளாஸ் கப்ரேராவின் மீக்கடத்துச் சுருளில், தனித்துருவம் கடந்தால் எதிர்பார்க்கும் அளவுக்கே பாயம் திடீரென மாறியது. பின்னர் பெரிய கருவிகளை வைத்துக் காத்திருந்தும் அது மீண்டும் நிகழவில்லை. எனவே அது கண்டுபிடிப்பாக ஏற்கப்படவில்லை.

கலந்துரையாட வினாக்கள்

1. ஒருமுறை மட்டும் கிடைத்த அளவீட்டை ஏன் ஏற்பதில்லை?
2. வயலில் ஒருநாள் மீன் சிக்காவிட்டால் “மீனே இல்லை” எனலாமா? வலையின் கண் அளவு, காத்திருந்த நேரம் இவற்றுக்கு இதில் என்ன பங்கு?
3. “தனித்துருவம் கிடையாது” என்ற வாக்கியத்தைச் சான்றுக்கு ஏற்பத் திருத்தி எழுதுக.

மூன்றாம் வினாவுக்கு மாணவர் எழுதும் விடையே, பாடம் எந்த அளவுக்குப் புரிந்தது என்பதை நமக்குக் காட்டும்.