பழைய சைக்கிளின் சட்டத்தை அளந்து அறிதல்

பழைய ரேஸ் சைக்கிளில் சக்கரம், சங்கிலி, ஆசனம் ஆகியவற்றை மாற்றிக்கொள்ளலாம். பிரேம் எனப்படும் சட்டத்தை மாற்றினால் அது வேறு சைக்கிளாகிவிடும். உடலுக்கு ஒவ்வாத சட்டம் முழங்காலுக்கும் கழுத்துக்கும் நோவு தரும்; வளைந்த சட்டமோ உயிருக்கே அபாயமாகலாம். ஆகவே, விலை பேசுமுன் பின்வருவனவற்றைக் கவனித்தல் அவசியம்.

1. உடலளவு: வெறுங்காலுடன் சுவரை ஒட்டி நின்று, கால்களுக்கிடையே ஒரு தடித்த புத்தகத்தை மேலே பொருந்தப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். இவ்வளவு 80 செ.மீ. எனக் கொள்வோம். இதனை 0.883 ஆல் பெருக்க, 70.6 செ.மீ. வரும். கிராங்கு அச்சின் மையத்திலிருந்து ஆசனத்தின் மேற்பரப்பு ஏறத்தாழ இவ்வளவு தொலைவில் இருத்தல் வேண்டும்.

2. சட்டத்தின் அளவு: மேற்குழாய் தரைக்கு இணையாக உள்ள சட்டத்தில், ஆசனக்குழாயின் நீளம் உட்காலளவில் 0.65 பங்கு, அதாவது 52 செ.மீ. அளவில் இருப்பது பொருந்தும். மேற்குழாய் சாய்வாக உள்ள சட்டங்களுக்கு இக்கணக்கு உதவாது. அவற்றில், கிராங்கு அச்சிலிருந்து தலைக்குழாயின் மேல்முனை எவ்வளவு உயரத்திலும் எவ்வளவு முன்னேயும் உள்ளது என்று அளக்க வேண்டும். ஆசனத்தை ஏற்றலாம், இறக்கலாம். சட்டத்தின் நீளக்குறையைக் கைப்பிடித்தண்டை மாற்றி ஓரிரு செ.மீ. மட்டுமே ஈடுசெய்ய இயலும்.

3. தலைக்கோணம்: ரேஸ் சைக்கிளின் தலைக்குழாய் பெரும்பாலும் தரையுடன் 71 முதல் 74 பாகை வரை சாய்ந்திருக்கும். அதன் அச்சைக் கீழே நீட்டினால், சக்கரம் தரையைத் தொடும் இடத்திற்குச் சற்று முன்னே தரையைச் சந்திக்கும். இவ்விடைவெளி சைக்கிள் நேரே செல்ல உதவுகிறது. மோதலினால் தலைக்குழாயின் அடிப்பகுதி பின்னுக்குத் தள்ளப்பட்டால் கோணம் நிமிரும், இடைவெளி குறையும், கைப்பிடி நிலைகொள்ளாது. தலைக்குழாயை அடுத்துள்ள குழாய்களை விரலால் தடவி, சுருக்கமோ வெடிப்போ உண்டா எனப் பார்க்க வேண்டும்.

4. நூல் சோதனை: பின்சக்கர அச்சு பொருந்தும் ஒரு புறத்தில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி, மறுபுறத்திற்கு இழுத்துக் கட்டுக. ஆசனக்குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் சமமாயின் சட்டம் நேரானது. சிறிது வளைந்த எஃகுச் சட்டத்தைத் தேர்ந்த தொழிலாளி நிமிர்த்தக்கூடும். வளைந்த அலுமினியச் சட்டத்தையும் வெடித்த கார்பன் சட்டத்தையும் எவ்வளவு மலிவாயினும் வாங்கலாகாது.

ஆசிரியர்கள் பள்ளிக்கு வரும் சைக்கிள்களைக் கொண்டே இச்சோதனைகளை வடிவகணிதப் பாடமாக நடத்தலாம். நூலும் அளவுநாடாவும் போதும்.